சொல்லாமையின் உரிமை: தொல்குடி ஆய்வு நெறிமுறையும் தமிழ்க் கள ஆய்வும்

நாட்டார் வழக்காற்றியல், பழங்குடி வழக்காற்றியல் ஆகிய துறைகளில் தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளின் இறுதியில் ‘தகவலாளர் பட்டியல்’ என்றொரு பின்னிணைப்பு இடம்பெறுவது வழக்கம். பெயர், வயது, பால், கல்வி, தொழில், ஊர் எனக் கட்டங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். பல பாடல்களை நினைவிலிருந்தே பாடிக் கொடுத்த முதிய பெண்மணியின் பெயருக்கு நேரே, கல்வி என்னும் கட்டத்தில், ‘இல்லை’ என எழுதப்பட்டிருக்கும். அவரிடம் கற்றதைக் கொண்டு பட்டம் பெறுபவர் கற்றவராகவும், கற்பித்தவர் கல்லாதவராகவும் ஒரே ஏட்டில் பதிவாகின்றனர். இம்முரண் எந்த ஓர் ஆய்வாளரின் தனிக் குறையும் அன்று. ஆய்வு என்னும் செயல் யாருக்கு உரியது, அதன் பயன் யாரைச் சேர்வது என்பவை பற்றிய முன்முடிவு ஒன்றின் விளைவு அது. அம்முன்முடிவைக் கேள்விக்கு உட்படுத்திய தொல்குடி ஆய்வு நெறிமுறையை மதிப்பிடுவதும், அது தமிழ்க் கள ஆய்வின்முன் வைக்கும் வினாவைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஒரு சொல்லின் இரு பொருள்கள்

ஆங்கிலத்தில் ‘இண்டிஜினஸ்’ எனப்படும் சொல் தமிழில் மண்சார், சுதேசி, உள்நாட்டு, தொல்குடி எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. இப்பெயர்ப்புகள் ஒரே பொருளுடையன அல்ல. மேலைக் கோட்பாடுகளுக்கு மாற்றாக இந்நாட்டு அறிவு மரபிலிருந்து கருவிகளைப் பெறுதல் என்பது முதற்பொருள். கணேஷ் தேவி 1992இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் அம்னீசியா’ என்னும் நூல் இப்பொருளில் எழுந்த முதன்மையான முயற்சி. சமஸ்கிருத மார்க்க மரபுக்கும் மேலை மரபுக்கும் இடையில் மறக்கப்பட்ட இந்திய மொழிகளின் சொந்த இலக்கிய மரபை நினைவுக்குக் கொண்டுவர அந்நூல் முயன்றது. தமிழில் திணைக் கோட்பாட்டைத் திறனாய்வுக் கோட்பாடாக வளர்த்தெடுத்தலும், தொல்காப்பிய மரபியல் கூறும் 32 உத்திகளை ஆய்வு முறையியலாக விளக்குதலும் இவ்வகையின.

ஓர் அரசின் எல்லைக்குள் வாழ்ந்தும் அவ்வரசின் மொழி, சட்டம், கல்வி ஆகியவற்றுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட மக்கள், தம்மைப் பற்றிய ஆய்வைத் தம் அறநெறிக்கு உட்படுத்தக் கோருதல் என்பது இரண்டாம் பொருள். நியூசிலாந்தின் மாவோரிகள், கனடாவின் கிரீ மக்கள், தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் ஆகியோர் இப்பொருளிலேயே இச்சொல்லைக் கையாளுகின்றனர்.

இவ்விரு பொருள்களையும் ஒன்றாகக் கருதுவதால் ஒரு சிக்கல் எழுகிறது. மேலை ஆய்வின்முன் தமிழ்ப் புலமை தன்னை ‘மண்சார் மரபு’ என அழைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிமையும் உண்டு. ஆயின் அதே புலமை நீலகிரியின் தோடரையும் இருளரையும் அணுகும்போது எழுத்து, பல்கலைக்கழகம், பட்டம் ஆகிய அதிகாரங்களோடுதான் செல்கிறது. அங்கு அது மண்சார் மரபு என்னும் பெயரால் தன் இடத்தை மறைத்துக்கொள்ள இயலாது. 2007இல் ஐக்கிய நாடுகள் அவை தொல்குடி மக்கள் உரிமைச் சாற்றுரையை நிறைவேற்றியபோது இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. எனினும் விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த மக்கள் அனைவரும் தொல்குடியினரே என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது. எல்லாரும் தொல்குடியினர் எனின் தொல்குடி என்னும் பெயரால் உரிமை கோருவதற்கு எவரும் எஞ்சார். வர்ஜீனியஸ் சாக்சா 1999இல் எழுதிய கட்டுரையில், யார் முதலில் குடியேறினர் என்னும் வரலாற்று வழக்கைத் தாண்டி, ஆதிவாசி என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் தன்னுணர்வாகவும் உரிமைக் கோரிக்கையாகவும் உருப்பெற்றதை எடுத்துக்காட்டினார். கணேஷ் தேவியின் பிற்காலப் பணியும் இத்திசையிலேயே நகர்ந்தது. 1996இல் பரோடாவில் பாஷா ஆய்வு மையத்தையும், பின்னர்த் தேஜ்கட்டில் ஆதிவாசி அகாதெமியையும் நிறுவிய அவர், இந்திய மொழி மரபின் மீட்பு என்பதிலிருந்து ஆதிவாசிகளின் சொந்தக் குரல் என்பதற்குச் சென்றார். முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குச் செல்லும் இந்நகர்வு தமிழாய்வுக்கும் வேண்டப்படுவதாகும்.

உறவை முதலாகக் கொள்ளும் நெறி

லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல் வெளியிட்ட ‘டீகாலனைசிங் மெத்தடாலஜீஸ்’ என்னும் நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது. மாவோரி இனத்தைச் சேர்ந்த இவர், ஆய்வு என்னும் சொல்லே தம் மக்களிடையே கசப்பான நினைவுகளை எழுப்புவது ஏன் என வினவுகிறார். அளத்தல், பெயரிடுதல், வகைப்படுத்துதல், சேகரித்தல் ஆகிய செயல்கள் பேரரசு விரிவாக்கத்தோடு பிணைந்திருந்தமையை நூலின் முற்பகுதி விளக்குகிறது. பிற்பகுதி, தொல்குடி மக்களே மேற்கொள்ளும் 25 ஆய்வுத் திட்டங்களை எடுத்துரைக்கிறது. உரிமை கோருதல், கதை சொல்லல், பெயரிடுதல், மீளளித்தல், காத்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். ‘முகம் காட்டுதல்’ என்னும் மாவோரி நடத்தை நெறி ஒன்றும் அந்நூலில் பேசப்படுகிறது. ஒரு சமூகத்தோடு தொடர்புடையவர் அதன் நிகழ்வுகளில் நேரில் வந்து நிற்க வேண்டும். முகம் காணப்படாதவரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது அதன் கருத்து. தரவு தொகுத்து முடிந்தவுடன் களத்தை விட்டு நீங்கும் ஆய்வாளரை இந்நெறி ஏற்பதில்லை.

கிரீ இனத்தைச் சேர்ந்த ஷான் வில்சன் 2008இல் எழுதிய ‘ரிசர்ச் இஸ் செரிமனி’ என்னும் நூல் இதனை மேலும் ஆழப்படுத்துகிறது. அறிவு என்பது தனி மனிதர் ஒருவரின் உடைமை அன்று. அது உறவுகளுக்கிடையே நிலைபெறுவது. எனவே ஆய்வாளர் விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பது தாம் உறவுகொண்ட மனிதர், நிலம், முன்னோர் ஆகியோருக்கே என்பது அவர் கொள்கை. தம் மைந்தர்களை விளித்து எழுதும் பகுதிகளை அந்நூலில் அவர் அமைத்திருப்பதும் இக்கொள்கையின் விளைவே. அறிவு யாரிடம் சொல்லப்படுகிறது என்பது அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்பதை அவ்வமைப்பு மெய்ப்பிக்கிறது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தம்மை ஆய்வோருக்கென மதிப்பு, நேர்மை, நீதி, பரிவு ஆகியவற்றை வலியுறுத்தும் ஒழுக்க விதி ஒன்றை வெளியிட்டனர். ஆய்வுப் பொருளாக இருந்தோர் ஆய்வாளருக்கு விதி வகுத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நூல்கள் களப்பணி என்பதன் மையத்தையே இடம் மாற்றுகின்றன. களப்பணிக் கையேடுகள் ‘நல்லுறவு ஏற்படுத்துதல்’ என்பதை ஒரு படிநிலையாகக் கற்பிக்கின்றன. தகவலாளரின் தயக்கத்தை நீக்கித் தரவைப் பெறுதற்கு அது ஒரு கருவி. தொல்குடி நெறிமுறையிலோ உறவு கருவி அன்று. ஆய்வுக்கு இடந்தரும் அடிப்படையே உறவுதான். ஆகவே தயக்கமும் நீக்கப்பட வேண்டிய தடை அன்று. செவிமடுக்கப்பட வேண்டிய விடை.

தோடரின் தீர்ப்பு

இவ்வேறுபாட்டின் முழுப் பொருளையும் உணர்த்தவல்ல சான்று நீலகிரியிலேயே உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் தோடரிடையே களப்பணி செய்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். டாரஸ் நீரிணைத் தீவுகளில் தாம் கண்ட குலவழி அட்டவணை முறையை இங்கு விரிவாகக் கையாண்டார். மானிடவியல் வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு.

அவ்வட்டவணைகளுக்கு அடிப்படை பெயர்கள். ஆயின் இறந்த முன்னோரின் பெயரை உச்சரித்தல் தோடரிடம் விலக்கு. விலக்கைச் சுற்றிச் சென்றே அறிவியல் முறை வெற்றி பெற்றது. மற்றொரு நிகழ்வையும் ரிவர்ஸ் மறைக்காமல் பதிவு செய்கிறார். புனிதமான பால்மனைச் சடங்குகள் போன்றவற்றின் மறைவான விவரங்களைச் சொன்ன, செய்து காட்டிய சிலருக்கு நோயும் குடும்பத்தில் இறப்பும் அடுத்தடுத்து நேர்ந்தன. அயலாரிடம் மறைபொருளை வெளியிட்டமையால் தெய்வங்கள் சினந்தன எனத் தோடர் கருதினர். அதன்பின் சொல்ல முன்வருவோர் குறைந்தனர்.

ரிவர்ஸ் இதனை இரு வகையில் கொள்கிறார். தோடரின் நம்பிக்கையைக் காட்டும் ஒரு தரவு என்பது ஒன்று. களப்பணிக்கு நேர்ந்த இடையூறு என்பது மற்றொன்று. மூன்றாவது ஒரு பொருளும் அதில் உண்டு. எது, யாரிடம், எப்போது சொல்லத்தக்கது என்பது பற்றித் தோடருக்கு ஒரு விதி இருந்தது. அவ்விதி மீறப்பட்டது என அவர்கள் தீர்ப்பளித்தனர். மேலும் சொல்லாமல் நின்றனர். இது நம்பிக்கை மட்டும் அன்று. ஆய்வு முறை மீதான திறனாய்வும் ஆகும். கேட்டவருக்குப் புகழும் சொன்னவருக்கு இழப்பும் என்னும் கணக்கை அவர்கள் தம் மொழியில் சொன்னார்கள். தெய்வச் சினம் என்னும் விளக்கத்தை ஏற்காதவரும் அக்கணக்கின் உண்மையை மறுக்க இயலாது. தொல்குடி ஆய்வு நெறிமுறை 1999இல் ஒரு நூலாக உருப்பெறுதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதன் மையக் கருத்து நீலகிரியில் செயலாக நிகழ்ந்துவிட்டது. அதைக் கேட்டவர் அதனைப் பிறிதொன்றாகக் கேட்டார்.

பங்களித்தலும் இசைவு பெறுதலும்

சொன்னவருக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என வாதிடலாம். கேரளத்தின் காணிக்காரரிடையே நிகழ்ந்தது இவ்வாதத்தைச் சோதிக்க உதவும். 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட அறிவியலாளர், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அச்செடியைப் பற்றிச் சொல்ல அவர்கள் முதலில் தயங்கினர், பின்னர்ச் சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவானது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை 10 லட்சம் ரூபாய்க்குத் தனியார் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்குத் தொகையிலும் பாதியைக் காணிக்காரருக்கு அளிக்க ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. உலக அளவில் இது முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. அப்போற்றுதலுக்கு அது தகுதியுடையதே.

எனினும் பிலாத்தி எனப்படும் காணிக்கார மருத்துவச் சடங்கர் சிலர் இம்முயற்சியை எதிர்த்தனர். தம் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுதலை அவர்கள் ஏற்கவில்லை. சொன்னவர்கள் வழிகாட்டிகளாக வந்த சிலர். அறிவுக்குரியவர்கள் பல ஊர்களில் பரவிய ஒரு சமூகத்தார். பங்கு பின்னர்க் கணக்கிடப்பட்டது. சொல்லலாமா என்னும் வினா முன்னர்க் கேட்கப்படவில்லை. பங்களித்தல் என்பது அறிவைப் பொருளாக மாற்றிய பின் எழும் நீதி. மாற்றலாமா என முடிவு செய்யும் உரிமை அதற்கு முற்பட்டது. தோடரின் தீர்ப்பும் பிலாத்திகளின் எதிர்ப்பும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

குறிஞ்சியாகக் காணும் பார்வை

இயற்கை அறிவியலும் மானிடவியலும் செய்தவற்றிலிருந்து இலக்கிய ஆய்வு விலகி நிற்கிறது எனத் தமிழ்த்துறையினர் கருதலாம். அவ்வாறு கருதுதற்கு இடமில்லை. மலைவாழ் மக்களின் பாடல்களைத் தொகுக்கும் தமிழ் ஆய்வுகளில் ஒரு போக்கு மீள மீளத் தோன்றுகிறது. காதற்பாடலெனின் அது தலைவி கூற்று. தினைப்புனம் வரின் அது குறிஞ்சி. பிரிவு வரின் அது பாலை. சங்க இலக்கியத்தின் உயிருள்ள எச்சமாக அம்மக்கள் காட்டப்படுகின்றனர். தமிழின் தொன்மைக்கு அவர்கள் சான்றாகின்றனர். அவர்கள் பாடலுக்கு அவர்களே தரும் பெயரும் வகைப்பாடும் அடிக்குறிப்பாகின்றன, அல்லது காணாமற் போகின்றன.

தோடர் பாடல்களை 1930களில் தொகுத்து 1971இல் ‘தோடா சாங்ஸ்’ என வெளியிட்ட எம்.பி. எமனோவின் ஆய்வு இங்கு ஒப்பிடத்தக்கது. இணை இணையாக வரும் மரபுத் தொடர்களால் அப்பாடல்கள் அமைவதையும், இடம், எருமை, மனிதர் ஆகியோருக்குப் பாடலுக்கென்றே தனிப்பெயர்கள் உண்டு என்பதையும் அவர் காட்டினார். வேறொரு மொழியின் செய்யுளியலைக் கொண்டு அதனை அளக்கவில்லை. தோடர் பாடலுக்குத் தோடர் யாப்பு உண்டு என ஏற்றமையே அவ்வாய்வின் வலிமை. திணை என்னும் கருவி தமிழுக்கு மண்சார்ந்தது. தோடருக்கோ அதுவும் புறத்திலிருந்து வந்ததே. மேலைக் கோட்பாடு தமிழின்மேல் ஏற்றப்படுவதைக் கண்டிக்கும் அதே நாவு, தமிழ்க் கோட்பாடு பிறர்மேல் ஏற்றப்படும்போது மௌனமாகிவிடலாகாது.

தமிழ்ச் சிற்றூர்களிலும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. இறப்பு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடப் பெண்கள் மறுப்பதைக் களப்பணி செய்தோர் அறிவர். வீட்டுக்கு ஆகாது என்பர். ஆய்வாளர் அவரை ஊர்ப்புறத்துக்கோ தோட்டத்துக்கோ அழைத்துச் சென்று பதிவு செய்து திரும்புவார். ஆய்வேட்டில் அது ‘களப்பணியில் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள்’ என்னும் தலைப்பின்கீழ் வரும். ஒப்பாரி என்பது சொற்கோவை அன்று, ஒரு செயல். அதற்கு இடமும் காலமும் உண்டு என்பதே அம்மறுப்பு கற்பிக்கும் பாடம். அது ஆய்வேட்டின் கோட்பாட்டு இயலில் இடம்பெற வேண்டியது.

நெறிமுறையின் எல்லைகள்

தொல்குடி ஆய்வு நெறிமுறையை அப்படியே ஏற்பதிலும் இடர்கள் உள. முதலாவது, அது தோன்றிய சூழல். மாவோரிகளுக்கு 1840இல் செய்துகொள்ளப்பட்ட வைதாங்கி உடன்படிக்கை உண்டு. பரவலாக வழங்கும் ஒரு மொழி உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள் தொகையில் பட்டியல் பழங்குடியினர் 8.6 விழுக்காட்டினர். அப்போது தமிழ்நாட்டில் மட்டும் 36 பழங்குடிகள் பட்டியலில் இருந்தனர். இவர்களுள் ஒருவர்க்கொருவர் சமமற்ற உறவுகளும் உண்டு. ‘சமூகத்தின் இசைவு’ என்பதை யாரிடமிருந்து பெறுவது என்னும் வினாவுக்கு ஸ்மித்தின் நூலில் ஆயத்த விடை இல்லை.

இரண்டாவது, அகத்தார் குரல் என்பதன் சிக்கல். எமனோ 1944-46இல் வெளியிட்ட ‘கோத்தா டெக்ஸ்ட்ஸ்’ தொகுதிகள் பெரிதும் சுள்ளி என்னும் ஒரே கோத்தர் சொன்னவற்றால் ஆனவை. சுள்ளி பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் அறிந்தவர், தம் சமூகத்தின் பழைய வழக்கங்களை மாற்ற முனைந்த சீர்திருத்தவாதி. டேவிட் மாண்டல்பாம் 1960இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அவரைத் ‘தகவலாளர்’ என்னும் சொல்லில் அடக்குதல் அநீதி. அவரைக் கோத்தர் அனைவரின் குரலாகக் கொள்ளுதலும் பிழையே. சுள்ளி ஒரு சிந்தனையாளர்; அவர் சொன்னது ஒரு நிலைப்பாடு. அகத்தாரே ஆய்வு செய்தால் எல்லாம் சீராகும் என்பதை ஸ்மித்தும் ஏற்பதில்லை. அகத்தாய்வாளரின் பொறுப்பு இன்னும் கடினமானது என்கிறார்.

மூன்றாவது, அழிவைக் காட்டி எழுப்பப்படும் வாதம். மொழி மறைந்துவருகிறது, முதியோர் இறந்துவருகின்றனர், இப்போது பதிவு செய்யாவிடில் எப்போது என்பர். இதில் உண்மை உண்டு. ரிவர்ஸ், எமனோ ஆகியோரின் பதிவுகள் இல்லையேல் இழப்பு பெரிதாகியிருக்கும். ஆயினும் மாவோரிகள் 1982இல் தம் மொழியைக் காக்கத் தொடங்கியது ஆவணக் காப்பகத்தில் அன்று. முதியோர் குழந்தைகளோடு தம் மொழியில் பேசும் மழலையர் பள்ளிகளில். பதிவு செய்தல் காத்தலின் ஒரு பகுதியே. பதிவு பல்கலைக்கழக நூலகத்திலும் பாடல் மறதியிலும் சென்று சேர்ந்தால், காக்கப்பட்டது ஆய்வேடு மட்டுமே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தொல்குடி ஆய்வு நெறிமுறை என்பது அமைப்பியல், பின்நவீனத்துவம் போலத் தரவின்மேல் பொருத்திப் பார்க்கும் மற்றுமொரு கோட்பாடு அன்று. அவ்வாறு கொண்டு, ‘தொல்குடி நெறிமுறை நோக்கில் இருளர் பாடல்கள்’ என ஆய்வேடுகள் பெருகுமாயின், அது தன் எதிர்ப்பொருளாக மாறிவிடும். கேட்கும் உரிமை, சொல்லாதிருக்கும் உரிமை ஆகிய இரண்டனுள் பின்னதே முற்பட்டது என்பதே அதன் சாரம்.

இதனைச் செயற்படுத்தத் தமிழ்த்துறைகள் பெரிய சட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தகவலாளர் பட்டியலின் கல்விக் கட்டத்தில், பள்ளி வகுப்புக்கு மாறாக, அவர் எதனை யாரிடம் கற்றார் என எழுதலாம். மறுக்கப்பட்ட கேள்விகளையும் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களையும் ஓர் இயலாக அமைக்கலாம். மறைபொருளைக் கேட்டறிந்தவிடத்தும் வெளியிடாதிருக்கலாம். பாடலைப் பதிவு செய்ய ஒருமுறை பெற்ற இசைவு அதனை அச்சிடவும் போதுமானது எனக் கொள்ளாமல், மீண்டும் கேட்கலாம். பொது வாய்மொழித் தேர்வுக்கு முன், பாடியவர்களின் ஊரில் அவர்கள் மொழியில் ஆய்வு முடிவுகளைச் சொல்லி, அவர்கள் திருத்துவனவற்றை ஆய்வேட்டில் சேர்க்கலாம். வகைப்பாட்டை அவர்கள் பெயர்களிலிருந்து தொடங்கலாம். திணை ஒப்பீடு வேண்டுமெனின் அதன்பின் வரலாம்.

இவற்றால் சில ஆய்வேடுகள் மெலியும். சில தலைப்புகள் கைவிடப்படும். சில ஆய்வுகள் காலம் நீளும். பட்ட விதிகளும் கால வரையறைகளும் இதற்கு எளிதில் இடம்தரா என்பதும் உண்மையே. ஆயின் சொன்னவர் இழப்பும் கேட்டவர் பட்டமும் பெறும் கணக்கு தோடர் காலத்திலிருந்தே நேர் செய்யப்படாமல் நிற்கிறது. அக்கணக்கை நேர் செய்யாத எந்த ஆய்வு முறையும், எவ்வளவு தொன்மையான தமிழ்ப் பெயரைச் சூட்டிக்கொண்டாலும், மண்சார்ந்தது எனத் தன்னை அழைத்துக்கொள்ள இயலாது.